சிக்னல் வந்தால் வெக்டர் ரெஜிஸ்டர்கள் எங்கே போகின்றன? லினக்ஸ் கர்னல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு நடுவில் சிக்னல் (நிரலுக்கு வரும் அவசரத் தகவல்) வந்தால், இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தி, அந்தச் சிக்னலுக்கென்று நிரல் வைத்திருக்கும் ஹேண்ட்லரை ஓடவிடும். ஹேண்ட்லர் முடிந்ததும் நிரல் விட்ட இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும். அப்படித் தொடர வேண்டுமானால், நிறுத்திய நொடியில் பிராசசருக்குள் இருந்த ஒவ்வொரு ரெஜிஸ்டரும் (கணக்கிடும் மதிப்புகளை வைக்கும் சிற்றிடம்) எங்கேயோ பத்திரமாக இருந்திருக்க வேண்டும். சாதாரண ரெஜிஸ்டர்கள் சிறியவை, அவற்றால் தொல்லையில்லை. ‘கூடுதல் நிலை’ எனப்படும் மிதவைப்புள்ளி, வெக்டர், மேட்ரிக்ஸ் ரெஜிஸ்டர்கள் அப்படியல்ல, இன்று அவை பல ஆயிரம் பைட் பிடிக்கின்றன. சி, சி++, ரஸ்ட், கோ மொழிகளில் எழுதுபவர்கள் இதில் எங்கெங்கே அடிபடுகிறார்கள் என்பதற்கான பதில்கள் கீழே உள்ளன. பெரும்பாலும் 64-பிட் எக்ஸ்86 லினக்ஸ் பற்றியவை, ஆர்ம் பற்றி ஒரு கேள்வி உண்டு.

‘கூடுதல் நிலை’ என்று எதைச் சொல்கிறீர்கள்? எவ்வளவு பெரியது?

பொது ரெஜிஸ்டர்கள், இன்ஸ்ட்ரக்‌ஷன் பாயிண்டர், ஃபிளாக்ஸ் ஆகியவை போக மற்றதெல்லாம் கூடுதல் நிலைதான். 1980-இல் இன்டெலின் 8087 வந்தபோது அது எட்டு 80-பிட் ரெஜிஸ்டர்களாகத் தொடங்கியது, சேமிக்க 94 பைட் போதும். 1999-இல் பென்டியம் 3 எஸ்எஸ்இ என்ற வெக்டர் வசதியைக் கொண்டுவந்தது. அதற்கான எஃப்எக்ஸ்சேவ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 512 பைட் எழுதும். 2011-இல் சாண்டி பிரிட்ஜில் அதைவிட அகலமான வெக்டர்களுக்கான ஏவிஎக்ஸ் வந்தது. அதற்குள் எக்ஸ்சேவ் என்ற புது இன்ஸ்ட்ரக்‌ஷன் நிலைபெற்றுவிட்டது. பழைய 512 பைட், 64 பைட் தலைப்பு, ஏவிஎக்ஸின் ஒய்எம்எம் ரெஜிஸ்டர்களின் மேல்பாதிக்கு 256 பைட் என மொத்தம் 832.

ஏவிஎக்ஸ்-512 இதை 2,688-க்கு ஏற்றியது. பாதுகாப்புச் சாவிகளுக்கான (நினைவகப் பகுதிகளைத் திறந்து மூடும் வசதி) சிறு ரெஜிஸ்டரையும் சேர்த்தால் 2,696. 2023 ஜனவரியில் வெளிவந்த சஃபையர் ரேப்பிட்ஸ் சர்வர் சிப்களில் மேட்ரிக்ஸ் கணக்குக்கான ஏஎம்எக்ஸ் இருக்கிறது. ஒவ்வொன்றும் 1,024 பைட் கொண்ட எட்டு டைல்கள் (மேட்ரிக்ஸ் ரெஜிஸ்டர்கள்), அதாவது அவை மட்டுமே 8,192 பைட். மொத்த எக்ஸ்சேவ் பகுதி 11,008 பைட்.

இவற்றைக் கர்னல் தன் நினைவகத்தில்தானே வைத்துக்கொள்ளும்?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு திரெடிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடப்பது அதுதான்: பழைய திரெடின் ரெஜிஸ்டர்கள் கர்னல் நினைவகத்தில், அந்தத் திரெடுக்கென்று ஒதுக்கிய இடத்தில் சேமிக்கப்படும்.

சிக்னல் விஷயத்தில் அப்படியில்லை. கர்னல் ரெஜிஸ்டர்களை உங்கள் நிரலின் சொந்த ஸ்டாக்கிலேயே எழுதிவைக்கிறது. இதற்கு சிக்னல் ஃபிரேம் என்று பெயர். ஹேண்ட்லர் திரும்பும்போது சிக்ரிட்டர்ன் என்ற சிஸ்டம் கால் நடக்கும், கர்னல் அதே ஃபிரேமைப் படித்து ரெஜிஸ்டர்களை மீட்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு நல்ல காரணங்கள் உண்டு. ஒரு ஹேண்ட்லர் ஓடும்போதே இன்னொரு சிக்னல் வரலாம், அதற்குள் மூன்றாவதும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் கர்னல் நினைவகம் ஒதுக்கிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? ஹேண்ட்லர் சிக்லாங்ஜம்ப் செய்து, அதாவது முன்பு குறித்துவைத்த இடத்துக்கு நேரே தாவி, திரும்பாமலே வெளியேறவும் கூடும், கர்னலுக்கு அது தெரியவே வராது. ஒதுக்கிய இடத்தை எப்போது விடுவிப்பது? ஸ்டாக்கில் வைத்தால் இரண்டு கேள்விகளும் எழுவதில்லை. தவிர, நின்ற இடத்தின் நிலையை ஹேண்ட்லர் படிக்கவும் மாற்றவும் வேண்டும் என்பது யுனிக்ஸ் மரபு.

ஆனால் கீழே வரும் ஏறக்குறைய எல்லாச் சிக்கலுக்கும் வேர் இந்த ஒரே முடிவுதான். பயனரின் நினைவகத்தில் எழுதுவதால் அளவு வெளியே தெரிகிறது, வடிவம் வெளியே தெரிகிறது, எழுதும்போது பேஜ் ஃபால்ட் (அந்தப் பேஜ் நினைவகத்தில் இல்லாத நிலை) வரலாம், எழுதியதை யாரும் திருத்தலாம்.

ஃபிரேமுக்குள் என்னதான் இருக்கிறது?

சிக்னல் வந்த இடத்து ஸ்டாக் பாயிண்டரிலிருந்து தொடங்குவோம். முதலில் 128 பைட் தாண்டப்படும். அது ரெட் ஸோன். எக்ஸ்86-64 வழக்கப்படி ஒரு ஃபங்க்‌ஷன் ஸ்டாக் பாயிண்டரை நகர்த்தாமலே பயன்படுத்தக்கூடிய இடம், அதில் கர்னல் கைவைக்கக்கூடாது. ஹேண்ட்லருக்கென்று நிரல் தனியாகப் பதிவுசெய்யும் மாற்று ஸ்டாக்குக்கு மாறினால் இது தேவைப்படாது. அதற்குக் கீழே 64 பைட் எல்லையில் எக்ஸ்சேவ் பகுதி உட்காரும். அதற்கும் கீழே பொது ரெஜிஸ்டர்கள், சிக்னல் மாஸ்க், சிக்னல் தகவல், திரும்பும் முகவரி எல்லாம் சேர்ந்து சுமார் 440 பைட். அங்கிருக்கும் ஒரு பாயிண்டர் மேலே உள்ள எக்ஸ்சேவ் பகுதியைக் காட்டும்.

எனக்குப் பிடித்த நுணுக்கம் பழைய 512 பைட்டுக்குள் இருக்கிறது. அதன் கடைசி 48 பைட்டை ஹார்டுவேர் தொடுவதில்லை, மென்பொருளுக்கென்று விட்டுவைத்திருக்கிறது. அங்கே, அதாவது 464-ஆம் பைட்டில், கர்னல் ஓர் அடையாள எண்ணை எழுதுகிறது. பதினறும எண்ணாக 46505853. எழுத்தாகப் படித்தால் ‘எஃப்-பி-எக்ஸ்-எஸ்’. கூடவே மொத்த அளவும், எந்தெந்தக் கூறுகள் உள்ளன என்ற பிட் வரிசையும் இருக்கும். எக்ஸ்சேவ் பகுதி முடிந்த இடத்தில் இன்னொரு அடையாள எண், 46505845.

ஏன் இரண்டு? 512 பைட் காலத்தில் எழுதப்பட்ட ஒரு நிரல் ஃபிரேமை வேறோர் இடத்துக்கு நகலெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதல் 512 பைட்டை மட்டும்தான் எடுக்கும். முதல் எண் நகலில் வந்துவிடும், இரண்டாவது வராது. சிக்ரிட்டர்ன் சமயத்தில் கர்னல் இரண்டையும் பார்க்கிறது. இரண்டாவது இல்லையென்றால், ‘இது அரைகுறை நகல்’ என்று புரிந்துகொண்டு எக்ஸ்87 (8087 வழிவந்த மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்கள்), எஸ்எஸ்இ பகுதிகளை மட்டும் மீட்டு, மற்றவற்றைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும். பழைய பைனரி உடையாமல் புது ரெஜிஸ்டர்களைச் சேர்க்க நான்கே பைட்டில் ஒரு வழி! கர்னல் வடிவமைப்பில் இதுபோன்ற இடங்களைத்தான் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒன்றைக் கவனியுங்கள். கர்னல் தன் உள்பயன்பாட்டுக்கு எக்ஸ்சேவின் சுருக்கிய வடிவத்தை வைத்துக்கொள்கிறது. இல்லாத கூறுகளுக்கு அதில் இடமே இராது. ஃபிரேமில் மட்டும் எப்போதும் சுருக்காத வடிவம். ஏனென்றால் வெளி நிரல்கள் சிபியுவின் திறன்களைச் சொல்லும் சிபியுஐடியின் 13-ஆம் பிரிவைக் கேட்டு, ‘இந்தக் கூறு இத்தனையாவது பைட்டில்’ என்று கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன.

ஸ்டாக்கில் எழுதும்போது அந்தப் பேஜ் நினைவகத்தில் இல்லையென்றால்?

இது 2019-இல் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம்.

அந்த ஆண்டு ஜூலையில் வந்த லினக்ஸ் 5.2 ஒரு சிக்கனத்தைக் கொண்டுவந்தது. ஒரு திரெட் கர்னலுக்குள் இருக்கும்வரை அதன் மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களை உடனே ஏற்ற வேண்டியதில்லை, பயனர் நிரலுக்குத் திரும்பும் கடைசி நொடியில் ஏற்றினால் போதும். இதற்காக ஒவ்வொரு சிபியுவும், ‘இப்போது என்னிடம் இருப்பது யாருடைய ரெஜிஸ்டர்கள்’ என்று ஒரு மாறியில் குறித்துவைக்கிறது. முன்பு ஒரு திரெட் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் கண்ணில் இந்த மாறி மாறாது. அதனால் ஒருமுறை படித்த மதிப்பையே திரும்பப் பயன்படுத்தக் கம்பைலருக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. 5.2-க்குப் பிறகு அது மாறக்கூடியதாகிவிட்டது. ஆனால் அந்தப் பழைய அனுமதி நீக்கப்படவில்லை.

இனி நடப்பதை வரிசையாகப் பாருங்கள். சிக்னல் வருகிறது. கர்னல் ரெஜிஸ்டர்களை நேரடியாகப் பயனர் ஸ்டாக்கில் எழுத முயல்கிறது. அந்தப் பேஜ் இன்னும் ஒதுக்கப்படவில்லை, எழுதுவது தோற்கிறது. கர்னல், அதுவரை வேறு திரெட் குறுக்கிடாமல் தடுத்த பூட்டை விட்டுவிட்டு அந்தப் பேஜைக் கொண்டுவரப் போகிறது. அந்த இடைவெளியில் வேறொரு திரெட் அதே சிபியுவில் ஓடி, வெக்டர் ரெஜிஸ்டர்களில் தன் மதிப்புகளைப் போட்டுவிடுகிறது. நம் திரெட் திரும்பி வருகிறது. பேஜ் தயார். மறுபடி எழுதுமுன், ‘ரெஜிஸ்டர்கள் இன்னும் என்னுடையவைதானா?’ என்று அந்த மாறியைக் கேட்க வேண்டும். ஜிசிசி 9 கம்பைலர் அதைப் புதிதாகப் படிக்காமல், முதலில் படித்து வைத்திருந்த மதிப்பையே எடுத்துக்கொண்டது. ‘ஆமாம், உன்னுடையவைதான்’ என்று பதில் வருகிறது. கர்னல் அடுத்தவருடைய ரெஜிஸ்டர்களை நம் ஃபிரேமில் எழுதிவிடுகிறது. ஹேண்ட்லர் முடிந்து சிக்ரிட்டர்ன் ஆனதும் அவை நம் ரெஜிஸ்டர்களாகிவிடுகின்றன.

ஜிசிசி 8-இல் கட்டிய அதே கர்னலில் இது தெரியவில்லை. கோ மொழிக்காரர்கள்தான் இதில் முதலில் வசமாக மாட்டினார்கள். கோ 1.14-க்காக அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த புதிய முறை, நீண்ட நேரம் ஓடும் கோரூட்டினை (கோ மொழியின் இலகுவான திரெட்) நிறுத்தச் சிக்னல் அனுப்பும். ஆகவே சிக்னல்கள் சகட்டுமேனிக்குப் பறக்கும். ஒவ்வொரு புதுத் திரெடுக்கும் சிக்னல் ஸ்டாக் தனி, அதன் பேஜ் முதல் சிக்னல்வரை தொடப்படாதது. நினைவகத்தை நகலெடுக்கும் ரூட்டின்கள் வெக்டர் ரெஜிஸ்டர்களை நம்பியிருப்பவை. மூன்றும் சேர்ந்ததால் விளக்கமில்லாத நினைவகச் சிதைவுகள் வரத் தொடங்கின.

கர்னல் உருவாக்குநர் செபாஸ்டியன் ஆண்ட்ரே சீவியர் எழுதிய திருத்தம் மிகச் சிறியது: மதிப்பைத் தேக்கிவைக்க விடாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கச் சொல்வது. 5.3.15, 5.4.2 பதிப்புகளில் அது வந்தது. இடைக்காலத்தில் கோ ரன்டைம் ஒவ்வொரு சிக்னல் ஸ்டாக்கின் மேல் பேஜையும் நினைவகத்தில் பூட்டிவைத்தது. பூட்டக்கூடிய நினைவகத்துக்குப் பல விநியோகங்களில் 64 கிலோபைட்தான் வரம்பு. திரெட் அதிகமான நிரல்கள் அதில் முட்டிக்கொண்டன. பிறகு அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொண்டார்கள்.

ஹேண்ட்லருக்குள் ஏவிஎக்ஸ் பயன்படுத்தலாமா?

தாராளமாக. முழு நிலையும் ஏற்கெனவே ஃபிரேமில் இருக்கிறது.

ஹேண்ட்லர் தொடங்கும்போது ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கும்?

எக்ஸ்86 லினக்ஸில் தொடக்க நிலை இருக்கும். ஃபிரேமில் சேமித்ததும் கர்னல் மிதவைப்புள்ளி, வெக்டர் நிலைகளைத் துடைத்துவிடும். எண்களை முழுமையாக்கும் முறை, விதிவிலக்கு மாஸ்க்குகள் எல்லாம் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் இயல்பு மதிப்புக்குப் போய்விடும்.

இதனால் இரண்டு விளைவுகள். அறிவியல் கணிப்பு செய்பவர்கள் இரண்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது: உங்கள் நிரல் மிகச் சிறு எண்களைச் சுழியமாக்கும் முறையை இயக்கியிருந்தாலும் ஹேண்ட்லருக்குள் அது அணைந்திருக்கும். இதில் பெரிய ஆபத்தில்லை, திரும்பியதும் பழையது வந்துவிடும். திரும்பாமல் சிக்லாங்ஜம்ப் செய்தால்தான் வினை. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில், தாவ வேண்டிய இடத்தைக் குறிக்கும் செட்ஜம்ப் எம்எக்ஸ்சிஎஸ்ஆர்-ஐச் சேமிப்பதில்லை. தாவி வந்த பிறகு நிரல் இயல்பு மதிப்போடு ஓடிக்கொண்டே இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. விடைகளின் கடைசி இலக்கங்கள் மட்டும் மாறும், அல்லது வேகம் குறையும். சிக்லாங்ஜம்ப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், மிதவைப்புள்ளிச் சூழலை முன்பே ஒரு மாறியில் சேமித்து, தாவி வந்து இறங்கியதும் நீங்களே மீட்டுவிடுங்கள்.

இரண்டாவது, எஸ்ஐஜிஎஃப்பிஇ என்ற கணக்குப் பிழைச் சிக்னல் பற்றியது. சுழியத்தால் வகுத்ததற்குச் சிக்னல் வந்தது. ஹேண்ட்லரில் அந்த விதிவிலக்கை மூடிவிட்டுத் தொடரலாம் என்று எம்எக்ஸ்சிஎஸ்ஆர்-ஐ மாற்றுகிறீர்கள். திரும்பியதும் அதே இன்ஸ்ட்ரக்‌ஷனில் அதே சிக்னல், முடிவில்லாமல். ஏனென்றால் நீங்கள் மாற்றியது ஹேண்ட்லருடைய எம்எக்ஸ்சிஎஸ்ஆர். சிக்ரிட்டர்ன் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு ஃபிரேமில் உள்ளதை ஏற்றும். மாற்ற வேண்டியது ஃபிரேமுக்குள் இருக்கும் பிரதியை.

ஃபிரேமில் உள்ள ஒய்எம்எம் மதிப்பை மாற்றினேன், ஆனால் எடுபடவில்லை. ஏன்?

பெரும்பாலும் தலைப்பில் உள்ள பிட் வரிசைதான் காரணம். எக்ஸ்சேவ் தலைப்பின் முதல் எட்டு பைட், எந்தக் கூறுகள் தொடக்க நிலையில் இல்லை என்று சொல்கிறது. பிட் 0 எக்ஸ்87, பிட் 1 எஸ்எஸ்இ, பிட் 2 ஏவிஎக்ஸ். சிக்னல் வந்தபோது ஒய்எம்எம் மேல்பாதிகள் சுழியமாக இருந்திருந்தால் பிட் 2 அணைந்திருக்கலாம். அப்போது அந்த இடத்தில் நீங்கள் எழுதியதை, எக்ஸ்சேவ் சேமித்ததை மீட்கும் எக்ஸ்ரெஸ்டோர் பார்க்கவே பார்க்காது. மதிப்பை மாற்றும்போது பிட்டையும் ஏற்றிவிடுங்கள்.

நிரல் கண்டபடி எழுதிவைத்தால் கர்னல் ஏமாறாதா?

ஏமாறக்கூடாது என்பதற்குத்தான் அத்தனை சோதனைகளும். ஃபிரேம் முழுக்கப் பயனர் கையில் இருப்பதால் கர்னல் அதை அந்நியரிடமிருந்து வந்த தரவாகவே நடத்த வேண்டும். அனுமதியில்லாத கூறுகளை மீட்கக்கூடாது. தலைப்பு தப்பாக இருந்தால் எக்ஸ்ரெஸ்டோர் ஃபால்ட் ஆகும், அதைத் தாங்கிக்கொண்டு நிரலுக்கு எஸ்ஐஜிசெக்வி (நினைவகப் பிழைச் சிக்னல்) அனுப்ப வேண்டும்.

தோற்கும் பாதைதான் கடினமானது. 2021 ஜூனில் கர்னல் உருவாக்குநர் ஆண்டி லுடோமிர்ஸ்கி ஒரு திருத்தம் தந்தார். எக்ஸ்ரெஸ்டோர் பேஜ் ஃபால்டில் தோற்றாலும், அதற்குள் சில ரெஜிஸ்டர்களை மாற்றியிருக்கலாம் என்பதை இன்டெல், ஏஎம்டி இருவருமே ஏற்கிறார்கள். அந்தச் சமயத்தில் சிபியுவில் இருந்தவை வேறொரு திரெடின் ரெஜிஸ்டர்களாக இருந்தால்? அந்தத் திரெட் திரும்பி வரும்போது, ‘என்னுடையவை இன்னும் இங்கேயேதான் இருக்கின்றன’ என்று நம்பி, கலைந்த மதிப்புகளோடு ஓடும். திருத்தம் செய்வது இதுதான்: தோற்றவுடன், ‘இந்தச் சிபியுவில் உள்ளவை யாருடையவையும் அல்ல’ என்று குறித்துவிடுவது. 2019-இல் காலை வாரிய அதே மாறிதான் இங்கேயும்.

மாற்று ஸ்டாக்குக்கு 2,048 பைட் போதும் என்று தலைப்புக் கோப்பே சொல்கிறதே?

சொல்கிறது. அது எஸ்எஸ்இ காலத்துக் கணக்கு. 512 பைட்டும் சுமார் 440 பைட்டும் போனால் ஹேண்ட்லருக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் பைட் மிஞ்சும், அன்று அது சரி. ஏவிஎக்ஸ்-512 இருக்கும் இயந்திரத்தில் கூடுதல் நிலை ஒன்றே 2,048-ஐத் தாண்டிவிடுகிறது. ஹேண்ட்லரின் முதல் வரி ஓடும் முன்பே ஸ்டாக் நிரம்பி வழிந்துவிடும்.

வழிந்தது எங்கே போகும்? பழைய கர்னல்களில் அந்த ஸ்டாக்குக்குக் கீழே நினைவகத்தில் என்ன இருந்ததோ அதன்மேல் எழுதப்படும். மாலாக் செய்து வாங்கிய ஸ்டாக் என்றால் பக்கத்து ஹீப் துண்டு. குளோபல் அரே என்றால் அடுத்த குளோபல் மாறி. எந்த எச்சரிக்கையும் இராது, சிபியுவை மாற்றிய ஒரே காரணத்துக்காக நன்றாக ஓடிய பைனரி கெடும். 5.14-இலிருந்து எக்ஸ்86 கர்னல் இதைக் கண்டுபிடித்து எஸ்ஐஜிசெக்வி கொடுக்கிறது. அதே 5.14-இல், இந்த இயந்திரத்தில் ஃபிரேமுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்பதை நிரல் தொடங்கும்போதே துணைத் திசையன் (நிரலுக்குக் கர்னல் கொடுக்கும் தகவல் பட்டியல்) வழியாகக் கர்னல் சொல்லத் தொடங்கியது. ஆர்ம் கர்னல் அதற்கு முன்பே இதைச் செய்துவந்தது.

ஆனாலும் மாற்று ஸ்டாக்கைப் பதிவுசெய்யும் சிகால்ட்ஸ்டாக் சிஸ்டம் கால் இன்றும் 2,048 பைட்டைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். சிக்னலே வராத நிரல் அந்த அளவோடு பத்தாண்டாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம், அதை உடைக்கக்கூடாது என்பது கர்னலின் நிலைப்பாடு. கண்டிப்பான சோதனை வேண்டுமென்றால் கர்னலைக் கட்டும்போதோ பூட் செய்யும்போதோ இயக்கலாம். சோதனைச் சர்வர்களிலாவது அதை இயக்கிவையுங்கள்.

ஜிலிப்சி 2.34-க்கு மாறியதும் என் நிரல் கம்பைல் ஆகவில்லை. சிக்னல் ஸ்டாக் அரே அறிவித்த இடத்தில் பிழை.

2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல், சிக்னல் ஸ்டாக் அளவைச் சொல்லும் இரண்டு மாறிலிகளும் ஜிஎன்யு நீட்டிப்புகளோடு கம்பைல் செய்தால் மாறிலிகளாக இருப்பதில்லை. அவை, கணினியின் அளவுகளை ஓடும்போது கேட்டறியும் சிஸ்கான்ஃப் அழைப்பாக விரிகின்றன. ஸ்டாடிக் அரேயின் அளவாக ஃபங்க்‌ஷன் அழைப்பைப் போட முடியாதல்லவா? அதனால்தான் பிழை.

பல திறந்தமூலத் திட்டங்கள் அப்போது உடைந்தன, புகார்களும் வந்தன. என்னைக் கேட்டால் ஜிலிப்சி செய்தது சரி. ஓடும்போது சத்தமில்லாமல் நினைவகம் கெடுவதைவிடக் கம்பைல் பிழை நூறு மடங்கு மேல்.

8,192 அல்லது 65,536 என்று நேரடியாக எண்ணைப் போட்டுப் பிழையை அடக்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். இரண்டாவதாவது இன்றைய எக்ஸ்86-க்குப் போதும், முதலாவது ஏஎம்எக்ஸ் நிரலில் உடையும். முறையான வழி, ஓடும்போது சிஸ்கான்ஃபைக் கேட்பது. அது கர்னல் சொன்ன குறைந்தபட்சத்தை நான்கால் பெருக்கித் தரும். அந்த அளவுக்கு எம்மேப் செய்யுங்கள், கீழே ஒரு காவல் பேஜும் (தொட்டால் உடனே பிழை தருவது) வையுங்கள். உங்கள் இயந்திரத்தின் எண்ணைப் பார்க்க வேண்டுமா? துணைத் திசையனை அச்சிடச் சொல்லும் எல்டி_ஷோ_ஆக்ஸ்வி சூழல் மாறியை 1 என்று வைத்து ஏதாவது சிறு நிரலை ஓட்டினால் திரையில் வந்துவிடும்.

ஏஎம்எக்ஸ் பயன்படுத்தக் கர்னலிடம் அனுமதி கேட்க வேண்டுமாமே, எதற்கு?

மேலே சொன்ன ஸ்டாக் பயத்தால்தான் பெரும்பாலும். 11,008 பைட்டை எல்லா நிரல்களின் ஃபிரேமிலும் திணித்தால், பழைய 8,192 பைட் ஸ்டாக் வைத்திருக்கும் நிரல்கள் எல்லாம் உடையும், ஏஎம்எக்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாத நிரல்கள்கூட. அதனால் லினக்ஸ் 5.16-இல் புது ஏற்பாடு: வேண்டுபவர் ஆர்ச்_பிஆர்சிடிஎல் என்ற சிஸ்டம் கால் வழியாக அனுமதி கேட்க வேண்டும். கேட்கும்போது கர்னல் அந்த நிரலின் திரெடுகள் பதிவுசெய்திருக்கும் மாற்று ஸ்டாக்குகளை அளந்து பார்க்கும். சிறியது ஒன்று இருந்தாலும் அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த பிறகு சிறிய ஸ்டாக்கைப் பதிவுசெய்யப் போனாலும் மறுக்கும்.

அனுமதி கிடைத்தாலும் பெரிய இடம் உடனே ஒதுக்கப்படாது. முதல் டைல் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓடும்போது ஹார்டுவேர் ஒரு ஃபால்டை எழுப்பும், அப்போதுதான் கர்னல் அந்தத் திரெடுக்குப் பெரிய பஃபர் ஒதுக்கும். அனுமதி இல்லாமல் தொட்டால் எஸ்ஐஜிஐஎல்எல், அதாவது செல்லாத கட்டளைச் சிக்னல். ‘சிபியுஐடி ஏஎம்எக்ஸ் இருக்கிறது என்கிறது, ஆனால் நிரல் செத்துவிடுகிறது’ என்ற புலம்பலுக்கு விடை இதுதான்.

ஆர்மில் எப்படி?

64-பிட் ஆர்மின் வடிவமைப்பு எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஃபிரேமில் 4,096 பைட் ஒதுக்கிவைத்து, அதற்குள் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு பதிவும் ஓர் அடையாள எண்ணோடும் தன் நீளத்தோடும் தொடங்கும், கடைசியில் சுழியப் பதிவு. தெரியாத அடையாள எண் வந்தால் நீளத்தைப் பார்த்துத் தாண்டிப் போகலாம்.

ஆர்மின் வெக்டர் வசதியான எஸ்விஇ வந்தபோது இதுவும் சோதிக்கப்பட்டது. எஸ்விஇ வெக்டரின் நீளம் சிப்புக்குச் சிப் மாறும், 128 பிட்டிலிருந்து 2,048 பிட்வரை. உச்ச நீளத்தில் 32 ரெஜிஸ்டர்களுக்கு 8,192 பைட் தேவை, 4,096-க்குள் அடங்காது. அதற்காக ‘மீதி வேறிடத்தில்’ என்று காட்டும் தனிப் பதிவு ஒன்றைச் சேர்த்தார்கள். இருந்தும், வன்பொருள் எவ்வளவு நீளம் தந்தாலும் புது நிரல்களுக்கு இயல்பாக 64 பைட் வெக்டருக்கு மேல் கர்னல் தருவதில்லை, நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்86-இல் ஏஎம்எக்ஸ் அனுமதிக்கு இருக்கும் கவலைதான் இங்கேயும். ஆர்மின் மேட்ரிக்ஸ் வசதியான எஸ்எம்இ-யின் மேட்ரிக்ஸ் பகுதி உச்சத்தில் 65,536 பைட் என்பதால் அந்தக் கவலை நியாயமானதே.

பாதுகாப்புச் சாவிகள் ஹேண்ட்லரில் என்னாகும்?

சாவி உரிமைகளை வைத்திருக்கும் பிகேஆர்யு ரெஜிஸ்டரும் கூடுதல் நிலையில் சேர்ந்தது. ஹேண்ட்லருக்குள் நுழையும்போது அது இயல்பு மதிப்புக்குப் போகும்: சாவி 0 திறந்திருக்கும், மற்றவை மூடியிருக்கும். நிரல் திறந்துவைத்திருந்த பகுதியை ஹேண்ட்லர் தொட்டால் எஸ்ஐஜிசெக்வி. தேவையென்றால் ஹேண்ட்லரே திறந்துகொள்ள வேண்டும்.

ஓடும் நிரலை உறையவைத்து வேறு இயந்திரத்தில் எழுப்பும்போது இது குறுக்கே வருமா?

வரும். கிரியு என்ற கருவி கடைசிக் கட்டத்தில் செய்வதே இதைத்தான்: ஒரு சிக்னல் ஃபிரேமைத் தானே தயாரித்து, சிக்ரிட்டர்னை அழைத்து, ரெஜிஸ்டர்களை ஒரே வீச்சில் ஏற்றுகிறது. உண்மையில் எந்தச் சிக்னலும் வந்திருக்காது. ஏவிஎக்ஸ்-512 உள்ள இயந்திரத்தில் உறையவைத்த ஃபிரேம், அது இல்லாத இயந்திரத்தில் பொருந்தாது. ஆகவே மாற்றிக்கொள்ளப் போகும் இயந்திரங்களின் சிபியு திறன்களை முன்பே ஒத்துப்பார்க்க வேண்டும்.

இனி வரப்போவது?

இன்டெலின் ஏபிஎக்ஸ். பொது ரெஜிஸ்டர்களை 16-இலிருந்து 32 ஆக்குகிறது. புதிய 16-க்கும் 128 பைட் வேண்டும், ஆனால் ஃபிரேமின் பொது ரெஜிஸ்டர் பகுதியில் இடமில்லை, அதன் அளவு என்றோ உறைந்துவிட்டது. அதனால் இவை எக்ஸ்சேவ் கூறாகவே வருகின்றன. கைவிடப்பட்ட எம்பிஎக்ஸ் என்ற இன்டெல் வசதி விட்டுச்சென்ற 128 பைட் இடத்தில், 960-ஆம் பைட்டில் உட்கார்கின்றன. மொத்த அளவு கூடவில்லை.

டீபக்கர், புரொஃபைலர், கிராஷ் அறிக்கை எழுதுபவர்கள் இப்போதே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஃபிரேமின் பொது ரெஜிஸ்டர் பட்டியலை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, ‘எல்லா முழுஎண் ரெஜிஸ்டர்களும் வந்துவிட்டன’ என்று எண்ணும் நிரல் வரி உங்களிடம் இருந்தால், ஏபிஎக்ஸ் நிரலில் அது பாதியைத்தான் பார்க்கும். மீதி எக்ஸ்சேவ் பகுதியில் இருக்கும்: பாயிண்டரைப் பின்தொடர்ந்து, இரண்டு அடையாள எண்களையும் சோதித்து, 19-ஆம் பிட் ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் படிக்க வேண்டும்.